சித்திரகுப்தன் ஏடும் சோதனைச் சீட்டும்

நான்காக மடித்த ஒரு சீட்டு. நம் மேசை இழுப்பறையிலே, திருத்தி முடித்த விடைத்தாள்களுக்கு அடியிலே, ஏழு திங்கள் அது உறங்கிற்று. நாம் பணியாற்றும் பள்ளியில் நடந்த மருத்துவ முகாமில் எழுதித் தந்த சீட்டு அது. பெயர், வயது 26, இரத்த அழுத்தம் 150-க்கு 96, அதன் கீழே, இரத்தமும் சிறுநீரும் சோதித்து வருக என்று ஓர் அறிவுரை. அவ்வளவுதான் அதில் இருந்தது.

அந்த ஏழு திங்களும் நாம் வாளா இருந்தோமா? இல்லை! பாலக்கரையிலே ஒரு மன்றத்தில் 'விதியா, மதியா?' என்று முழங்கினோம். உறையூரிலே ஒரு படிப்பகத்தின் ஆண்டு விழாவில், எமலோகத்துக் கணக்கப்பிள்ளையாம் சித்திரகுப்தனை எள்ளி நகையாடினோம். "நம் நாட்டு மக்கள் தொகையே 140 கோடியைத் தாண்டிவிட்டது, அந்த ஒற்றைக் கணக்கப்பிள்ளை இன்னும் பனையோலையிலா பதிந்துகொண்டிருக்கிறான்? உதவிக்கு ஓர் எழுத்தனையேனும் அமர்த்தலாகாதா?" என்று கேட்டோம். கூட்டம் சிரித்தது, கைதட்டியது, துண்டு அணிவித்தது. காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். மறுநாளைக்குப் பாடக் குறிப்பு எழுத இழுப்பறையைத் திறந்தோம். சீட்டு கண்ணில் பட்டது. இழுப்பறையை மூடினோம்.

எழுதியதை எவராலும் மாற்றவொண்ணாது என்று அஞ்சிச் சித்திரகுப்தன் ஏட்டைத் தொழுகிறவர் ஒருவர். எழுதப் போவது என்னவென்று பார்க்கவும் அஞ்சிச் சோதனைச் சீட்டை மடித்து வைப்பவர் மற்றொருவர். இருவருள் பகுத்தறிவாளர் யார்? முன்னவர் தம் அச்சத்துக்குப் பக்தி என்று பெயர் சூட்டினார். நாமோ அதே அச்சத்துக்கு 'வேலை மிகுதி' என்று பெயர் சூட்டினோம். பெயர் வேறு, பண்டம் ஒன்றே!

இந்த எண்ணம் நம்மைக் குத்திற்று. அறிந்துகொள்வது ஒரு கடமையா? அறியாமலே இருந்துவிட ஒருவருக்கு உரிமை உண்டா? அறியாமையிலே அமைதி இருக்கிறது என்று பெரியோர் சொல்லக் கேட்கிறோமே, அது மெய்தானா? இவற்றை எண்ணிப் பார்க்க இக்கட்டுரை.

அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. நம் தந்தையார் திருச்சி காந்தி சந்தையில் மூட்டை சுமந்தவர். விடியுமுன் லாரி வந்து நிற்கும். அப்போது குனிந்த முதுகு வெயில் ஏறி இறங்கிய பிறகே நிமிரும். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கவும் நேரமிராது. மாலையில் உடம்பு வலிக்கும். மருந்துக் கடையில் பெயர் தெரியாத வலி மாத்திரை இரண்டு வாங்கி விழுங்குவார். மறுநாள் மீண்டும் மூட்டை. பாதம் வீங்கிற்று. "நின்று உழைக்கிற கால், வீங்கத்தான் செய்யும்" என்றனர். காலையில் முகம் உப்பியிருந்தது. "சதை பிடித்திருக்கிறது, நல்லதுதான்" என்றனர். பின்னர்ச் சோறு கசந்தது, மூச்சு இளைத்தது. தூக்கிக்கொண்டு ஓடியபோது, சிறுநீரகங்கள் இரண்டும் சுருங்கிவிட்டன என்ற செய்தி கிடைத்தது. வாரம் இருமுறை இயந்திரத்தில் இரத்தத்தைத் தூய்மை செய்தார்கள். பதினான்கு திங்கள் வாழ்ந்தார். "அவன் தலையெழுத்து" என்று ஒரே சொல்லில் அப்பாயி கணக்கை முடித்தார்.

தலையெழுத்தா அது? அந்த எழுத்தை இன்று கூர்ந்து படித்துப் பார்க்கிறோம். ஓயாத வெயிலின் கையொப்பம் அதிலே இருக்கிறது. அளவின்றி விழுங்கிய வலி மாத்திரையின் கையொப்பம் இருக்கிறது. ஆண்டுக்கொரு முறையேனும் அளந்து பார்த்திருக்க வேண்டிய இரத்த அழுத்தத்தை எவரும் அளக்காமல் விட்ட குற்றம் இருக்கிறது. வீங்கிய காலுக்கு விளக்கம் சொல்லியே காலங் கடத்திய சுற்றத்தாரின் அன்பும் இருக்கிறது. எத்தனை கைகள்! அவ்வளவும் மனிதக் கைகள். பிரமன் கையெழுத்தைத்தான் காணோம்.

சிறுநீரகத்தின் இயல்பைச் சற்று அறிந்தால் இது விளங்கும். முதுகுப்புறத்தே, முதுகெலும்புக்கு இருபாலும், அவரை விதை வடிவில் அமைந்தவை அவை. கைப்பிடி அளவுதான், ஆயினும் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நுண்வடிகட்டிகள். ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடித்து, வேண்டியதையெல்லாம் மீண்டும் உடலுக்கே தந்து, வேண்டாததை மட்டும் ஒன்றிரண்டு லிட்டர் சிறுநீராக வெளியேற்றுகின்றன. உப்பின் அளவை, இரத்த அழுத்தத்தை, எலும்பின் உறுதியை, குருதி ஊறுவதைக்கூட அவை கண்காணிக்கின்றன. இவ்வளவு பணியும் ஓசையின்றி! அந்த ஓசையின்மையிலேதான் இடரும் இருக்கிறது. பல் கெட்டால் வலிக்கும். காது கெட்டால் குத்தும். சிறுநீரகமோ பாதி கெட்ட பிறகும் பெரும்பாலும் வலிக்காது. மிச்சமுள்ள வடிகட்டிகள் தோழர்களின் வேலையையும் சேர்த்துச் சுமக்கின்றன. காந்தி சந்தையில் ஒருவர் வராத நாளில் மற்றவர் இரண்டு மூட்டை சுமப்பதுபோலச் சுமந்து, சுமந்து, அவையும் ஒருநாள் சாய்கின்றன. இரத்தத்திலே கிரியாட்டினின் என்னும் கழிவுப்பொருளை அளந்து பார்ப்பார்கள். அதுவும் தொடக்கத்தில் சரியாக இருப்பதுபோலவே காட்டும். ஆகவே, 'வலித்தால் பார்ப்போம்' என்பது இந்த உறுப்புக்குப் பொருந்தாத நீதி. வலிக்காதபோதே தேடிச் சென்று கேட்டாலன்றி அது வாய் திறவாது.

அது வாய் திறக்கும் மொழி எது? சிறுநீர்! மூத்திரம் என்று மக்கள் வழங்கும் சொல்லை எழுதவே சிலர் பேனா கூசும். சிறு குப்பியிலே அதை ஏந்திக்கொண்டு நாலுபேர் நடுவில் வரிசையில் நிற்க நமக்கும் கூச்சமாகவே இருந்தது. கைக்குட்டையால் குப்பியை மூடிக்கொண்டு நின்றோம். எங்கிருந்து வந்தது இந்தக் கூச்சம்? உடலிலிருந்து வெளியேறுவது தீட்டு. தீட்டைத் தொடுபவர் தாழ்ந்தவர். தொடாதவர் உயர்ந்தவர் என்று பல நூற்றாண்டுகளாக ஊட்டிய பாடத்திலிருந்து வந்தது. மனிதரை மனிதரிடமிருந்து பிரித்த அந்தத் தீட்டு, மனிதரை அவர்தம் உடலிடமிருந்தும் பிரித்துவிட்டது.

அறிவு நாடியவர்களோ கூசவில்லை. சிறுநீரின்மேல் நிலைத்து நிற்கும் நுரை சிறுநீரக நோயின் அடையாளம் என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க நாட்டு இப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் மருத்துவ நூல் குறித்தது. நம் தமிழகத்துச் சித்த மருத்துவர் தேரையர் பெயரால் நீர்க்குறி, நெய்க்குறி என்னும் நூல்களே உண்டு. நோயாளியின் சிறுநீரை ஒரு கலத்தில் எடுத்து, நிறமும் மணமும் நுரையும் நோக்கி, ஒரு துளி எண்ணெயை விட்டு, அது பாம்பாய் ஓடுகிறதா, மோதிரமாய் விரிகிறதா, முத்தாய் நிற்கிறதா என்று பார்த்தனர். அந்த முறை இன்றைய அளவைக்கு நிற்குமா என்பது வேறு வினா. முகஞ் சுளிக்காமல் குனிந்து பார்த்தார்களே, அந்த நோக்கம் மெய்யான அறிவு நோக்கம். 1827-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்டு பிரைட் என்னும் மருத்துவர், வீக்கம் கண்ட நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவத்திச் சுடரில் காட்டினார். முட்டை வெண்கரு திரைவதுபோல் அது திரைந்தது. உடலில் தங்க வேண்டிய புரதம் வடிகட்டியின் ஓட்டை வழியே ஒழுகுகிறது என்பதற்கு அதுவே சான்று. இறந்தபின் அதே நோயாளிகளின் சிறுநீரகங்களைப் பார்த்தார்; கெட்டிருந்தன. ஒரு கரண்டி, ஒரு மெழுகுவத்தி, கூசாத ஒரு கண். நெடுங்காலம் அந்நோய்க்கு 'பிரைட்டின் நோய்' என்றே பெயர் நின்றது.

கூச்சத்தை வெல்ல நாம் இலண்டனுக்கும் போகவேண்டியதில்லை. திருச்சி புத்தூருக்குப் போனால் போதும். பெரியார் மாளிகை அங்கேதான் இருக்கிறது. தம் இறுதி ஆண்டுகளில் பெரியாருக்குச் சிறுநீர் தானே கழியவில்லை. குழாய் பொருத்தி, ஒரு கலத்திலே அதை ஏந்தவேண்டியதாயிற்று. அந்தக் கலத்துடனே ஊர் ஊராகச் சென்றார்; அந்தக் கலத்துடனே மேடையில் அமர்ந்தார்; வேதனை மிகுந்தபோது முனகினார், பின்னும் பேசினார். 1973 டிசம்பர் 19-ஆம் நாள் சென்னை தியாகராய நகரிலே இறுதி உரை. ஐந்து நாள் கழித்து, 24-ஆம் நாள், வேலூர் மருத்துவமனையிலே, 94-ஆம் வயதில் மறைவு. அந்தக் கலத்தைச் சுட்டிக்காட்டி அவருடைய உழைப்பைப் பாராட்டாத மேடை இல்லை. ஆனால் அதிலே மற்றொரு பாடமும் இருந்தது. உடம்பின் குறையை அவர் ஒளிக்கவில்லை. மருத்துவத்தை அவர் மறுக்கவில்லை. சிறுநீரைத் தீட்டென்று திரை போட்டு மறைக்கவில்லை. அவருடைய தொண்டர் என்று சொல்லிக்கொள்ளும் நாம், கைக்குட்டையால் குப்பியை மூடினோம்!

"எல்லாம் அரங்கன் பார்த்துக்கொள்வான்" என்று அண்டை வீட்டு முதியவர் ஒருவர் நமக்கு அறிவுரை கூறினார். அன்புள்ளவர், அவர்மீது நமக்குச் சினமில்லை. ஆனால் அவர் நாள்தோறும் வலம்வரும் அந்தத் திருவரங்கம் கோயிலின் மதிலுக்குள்ளேயே, 13-ஆம் நூற்றாண்டில், போசளர் காலத்தில், ஆரோக்கியசாலை ஒன்று நடந்ததைக் கல்வெட்டு கூறுகிறது. தன்வந்திரிக்கு அங்கே சந்நிதி இருப்பதை அவர் அறிவார். அதனோடு ஒட்டி மருத்துவச் சாலை இருந்ததை அறியார். பாலாற்றங்கரைத் திருமுக்கூடலில், 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 15 படுக்கை கொண்ட மருத்துவமனையைப் பற்றிப் பேசுகிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொணர்வோர், நோயாளியைப் பேணும் பெண்டிர், மருந்துகளின் பெயர்கள் என்று அடுக்கிச் சொல்கிறது. இறைவன் ஒருவனே போதுமென்றால் அந்தப் பதினைந்து படுக்கை எதற்கு? மருந்துப் பெயர்களைக் கல்லிலே வெட்டுவானேன்? கோயில் கட்டியவர்களே மருத்துவரையும் அமர்த்தினார்கள். இன்று கோயிலைக் காட்டி மருத்துவரிடம் போகாதே என்பவர், கோயிலின் கல்வெட்டைக்கூடப் படிக்கவில்லை என்றே பொருள்.

இனி, அறியாமைக்கு வக்காலத்து வாங்குவோர் கூறும் வலுவான வாதத்துக்கு வருவோம். "அறிந்து என்ன பயன்? தீராத நோயென்றால் இருக்கிற நாளும் கவலையிலே கழியும், அறியாதவன் சிரித்துக்கொண்டாவது இருப்பான்" என்கிறார்கள். கேட்க இனிமையான வாதம். ஆனால் இந்த நோயைப் பொறுத்தவரை அடிப்படையே பிழை. தொடக்கத்திலே கண்டால் இதன் வேகத்தைத் தடுக்க முடியும். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அடக்குவது, உப்பைக் குறைப்பது, வலி மாத்திரையையும் அடையாளந் தெரியாத பொடிகளையும் விலக்குவது இவற்றாலேயே பல ஆண்டுகள் மிஞ்சும். புரதம் ஒழுகுவதைக் குறைக்கும் இரத்த அழுத்த மாத்திரைகள் 1990-களிலிருந்தே கைவசம் உள்ளன. சர்க்கரை நோய்க்கென்று வந்த வேறொரு வகை மாத்திரை, சர்க்கரை இல்லாதவரின் சிறுநீரகத்தையும் காக்கிறது என்று 2020-ஆம் ஆண்டளவில் ஆய்வுகள் காட்டின. ஆக, அறியாதவன் சிரிக்கும் சிரிப்பு கடன் வாங்கிய சிரிப்பு. வட்டியை அவன் சிறுநீரகம் செலுத்துகிறது.

வட்டி கட்டுவது அவன் மட்டுமா? இங்கேதான் நாம் நம்மைப் பற்றி மற்றொரு செய்தியைச் சொல்லவேண்டியிருக்கிறது. சீட்டு இழுப்பறையில் கிடந்த அந்நாளில், நமக்குத் திருமணப் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. தாய்மாமன் வந்து, கதவைச் சாத்திவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்: "தம்பி, இப்போது போய்ச் சோதித்து வைக்காதே. திருமணம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நாளைக்கு எவரேனும் கேட்டாலும், எங்களுக்குத் தெரியாதே என்று நெஞ்சறியச் சொல்லலாம் அல்லவா?"

தெரியாது என்று நெஞ்சறியச் சொல்வது! எவ்வளவு நுட்பமான சூழ்ச்சி, பாரீர்! பொய் சொல்ல மனமில்லை; ஆகவே பொய் தேவைப்படாதபடி அறியாமையை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வது. கண்ணை மூடிக்கொண்டு வண்டியை ஓட்டியவன், 'குழந்தை குறுக்கே வந்ததை நான் பார்க்கவே இல்லை' என்றால், அவன் சொல்வது உண்மைதான். அந்த உண்மை அவனைக் காக்குமா? பார்க்காதது பிழையன்று, பார்க்காதிருக்க முடிவு செய்தது பிழை. தானே ஆக்கிக்கொண்ட அறியாமை, அறியாமையின் தூய்மையைக் கோர முடியாது.

அதிலும் நாம் செய்துகொள்ள விரும்பியது சுயமரியாதைத் திருமணம். புரோகிதர் இல்லை, தீவலம் இல்லை, இருவர் ஒப்புதலே திருமணம் என்னும் அந்தப் புரட்சிக்கு, அண்ணா தலைமையில் அமைந்த அரசு 1967-இல் சட்ட ஏற்பு நல்கிற்று. ஒப்புதல் என்றால் என்ன? எதற்கு ஒப்புகிறோம் என்று தெரிந்து ஒப்புவது. அந்தப் பெண்ணுக்குத் தெரியவேண்டியதை நாமே தெரிந்துகொள்ளாமல் விட்டுவிட்டு, மேடையேறி மாலை மாற்றினால், அது புரோகிதர் இல்லாத சடங்காக இருக்கும். சுயமரியாதைத் திருமணமாக இராது. அறியாமல் இருக்கும் உரிமை தனக்கு மட்டுமே என்றிருக்கும்வரை ஒருவேளை ஒருவருக்கு உண்டு என்று சொல்லலாம். அடுத்தவர் வாழ்வு அதனோடு பிணையும் கணமே அந்த உரிமை முடிகிறது.

அன்றிரவு சீட்டைப் பிரித்தோம். மறுநாட் காலை சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, புத்தூரில் உள்ள அண்ணல் காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குச் சென்றோம். அதனோடு இணைந்த மருத்துவக் கல்லூரி 1998-இல் தொடங்கியது. முத்தமிழ்க் காவலர் கி. ஆ. பெ. விசுவநாதம் பெயரைத் தாங்கி நிற்கிறது. தமிழறிஞர் ஒருவர் பெயரால் மருத்துவம் பயிலும் இடம். அந்த வாயிலிலே நுழைந்தபோது கால் சற்றே உறுதி பெற்றது. இரத்த அழுத்தம் பார்த்தார்கள், குருதி எடுத்தார்கள், சிறுநீர் வாங்கினார்கள், வயிற்றை ஒலி அலையால் படம் பிடித்தார்கள். முடிவு வந்தது. கிரியாட்டினின் சரியான அளவு. சிறுநீரகங்களின் உருவளவும் சரி. ஆனால் இரத்த அழுத்தம் மிகுதி. சிறுநீரிலே அல்புமின் என்னும் புரதம், ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டியது, 52 இருந்தது.

"அப்படியென்றால் நோயா?" என்று கேட்டோம். மருத்துவர் இளையவர், நம்மினும் நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். "நோய் என்று இன்று சொல்ல மாட்டேன். நோயில்லை என்றும் சொல்ல மாட்டேன். காய்ச்சலிலும், கடும் உழைப்பிலும், தொற்றிலும்கூட இது கூடலாம். மூன்று மாதம் கழித்தும் இப்படியே இருந்தால்தான் நீடித்த நோய் என்று பெயர். அதுவரை அழுத்தத்துக்கு மாத்திரை, உப்பைக் குறையுங்கள், வலி மாத்திரை கூடாது. மீண்டும் வாருங்கள்" என்றார்.

ஏழு திங்கள் அஞ்சி, இறுதியில் துணிந்து சென்று கேட்டால், விடை கிடையாது. மூன்று திங்கள் பொறு என்கிறார்! முதலில் ஏமாற்றமாகவே இருந்தது. திரும்பும் வழியில் மலைக்கோட்டை அடிவாரத்தில் கிளிச் சோதிடர் ஒருவர் அமர்ந்திருந்தார். கிளி கூண்டைவிட்டு வெளியே வந்தது. ஒரு படத்தை எடுத்தது. எதிரே இருந்தவரின் வாழ்வு முழுவதும் இரண்டு நிமிடத்தில் தீர்ந்தது. ஐயமில்லை, தயக்கமில்லை, மீண்டும் வா என்பதில்லை. அப்போதுதான் மருத்துவர் சொன்னதன் அருமை புரிந்தது. பொய்க்கு அவசரம் உண்டு. மெய்யோ, 'இன்னும் எனக்குத் தெரியாது; தெரிந்துகொள்ள வழி இது' என்று நாணமின்றிச் சொல்கிறது. அறியாமையிலே தங்கிவிடுவது ஒன்று. அறியாமையை அளந்துகொண்டு அறிவை நோக்கி நடப்பது மற்றொன்று. நோயை முதலில் தேர்ந்து, அதன் காரணத்தைத் தேர்ந்து, தணிக்கும் வழியைத் தேர்ந்து, பிறகே செயற்படச் சொன்ன வள்ளுவர், மருந்து பற்றிய அதிகாரத்தில் காட்டிய ஒழுங்கும் இதுவே.

ஆனால், நாம் துணிந்தோம் என்று மார்தட்டிக்கொள்ள என்ன இருக்கிறது? நமக்கு மாதச் சம்பளம் உண்டு. ஒரு நாள் விடுப்பு எடுத்தால் உலை கொதிக்காமல் போகாது. அம்மா மண்டபத்துப் படித்துறையில் பூ விற்கும் மூதாட்டி, மருத்துவமனை வரிசையில் ஒரு நாள் நின்றால், அன்றைய பூ வாடும். அன்றைய அரிசி இல்லை. முடிவு வாங்க இன்னொரு நாள். மூன்று திங்கள் கழித்து மற்றொரு நாள். அவரிடம் சென்று 'அறிவது கடமை' என்று உபதேசம் செய்ய நமக்கு வாய் ஏது? அறியும் வழியை அவர் வாசலிலே வைத்த பிறகே அறியும் கடமையைப் பற்றி அவரிடம் பேசலாம்.

அவ்வாறு வைக்காத சமுதாயம் என்ன விலை கொடுக்கும்? அமெரிக்க நாட்டு சியாட்டில் நகரில் 1960-ஆம் ஆண்டளவில், இயந்திரத்தில் இரத்தத்தைத் தூய்மை செய்து நோயாளியை நெடுநாள் வாழவைக்கும் வழி பிறந்தது. இயந்திரம் சில, சாகக் கிடந்தவரோ பலர். யாரை வாழ வைப்பது என்று முடிவு செய்ய எழுவர் கொண்ட குழு அமைத்தனர். வயதென்ன, வருவாய் என்ன, மனைவி மக்கள் உண்டா, மாதா கோயிலுக்குப் போகிறவரா என்றெல்லாம் எடைபோட்டு, ஒருவருக்கு வாழ்வும் மற்றவருக்குச் சாவும் வழங்கினர். நல்லவர்களே, நெஞ்சு நொந்தவர்களே. ஆயினும் மனிதர் எழுவர் சித்திரகுப்தன் இருக்கையில் அமர நேர்ந்தது! நம் தமிழகத்திலே 1984-ஆம் ஆண்டு முதலமைச்சராயிருந்த எம்.ஜி.ஆருக்குச் சிறுநீரகம் செயலிழந்தபோது, கோயிலிலும் மசூதியிலும் மாதா கோயிலிலும் மக்கள் கண்ணீர் மல்க வேண்டினர். அமெரிக்காவின் புரூக்ளின் மருத்துவமனையில் மருத்துவர்களின் கைத்திறனும், சிறுநீரகம் ஈந்த அண்ணன் மகள் லீலாவதியின் தியாகமும் அவரை மீட்டன. முதலமைச்சருக்கு அது கிட்டியது, மகிழ்ச்சி. மூட்டை சுமப்பவருக்கு? நோய் முற்றிய பிறகு வரும் மருத்துவம், எவ்வளவு சிறந்ததாயினும், ஆள் பார்த்தே வரும். தொடக்கத்திலே கண்டறியும் மருத்துவம் ஒன்றுதான் எல்லார் வாசலுக்கும் வரக்கூடிய அளவு மலிவானது.

மலிவு என்று வாய்ப்பந்தல் போடவில்லை. சென்னையின் மூத்த சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணியும் அவருடைய சிறுநீரக உதவி அறக்கட்டளையும் 1990-களில், சென்னையை அடுத்த சிற்றூர்களில், ஏறத்தாழ 25,000 மக்களிடையே அதைச் செய்து காட்டினர். பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகச் சென்றனர். சிறுநீரில் சல்ஃபோசாலிசிலிக் அமிலம் சில துளி, கலங்கினால் புரதம். பள்ளி ஆய்வுக்கூடத்து மாணவர் அறிந்த பெனடிக்ட் கரைசல். நிறம் மாறினால் சர்க்கரை. கையிலே இரத்த அழுத்தமானி. குறை கண்டவருக்கு விலை மலிந்த பழைய மாத்திரைகள். தலைக்கு ஆண்டொன்றுக்கு ஆன செலவு ஒரு வேளைச் சிற்றுண்டிக் காசுக்கும் மிகாது. பிரைட் பிடித்த கரண்டியும் மெழுகுவத்தியும் நம் குடிசை வாசலுக்கு வந்த காட்சி அது!

அந்த வழியிலே அரசும் அடியெடுத்து வைத்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருட்டிணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டு சென்றது. 2023-இல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலே சிறுநீரகக் கேட்டை முன்கூட்டிக் கண்டறியும் திட்டமும் தொடங்கிற்று. உலக நல அமைப்பின் பேரவை, 2025 மே திங்களில், சிறுநீரக நலம் பற்றி முதன்முறையாகத் தீர்மானம் நிறைவேற்றியது. நல்லது, போதாது. சந்தையிலே, தறிக்கூடத்திலே, செங்கல் சூளையிலே, வெயிலில் உருகுவோர் உழைக்கும் இடத்துக்கே சோதனை போகவேண்டும். கூலி இழக்காமல் சோதனைக்குச் செல்ல ஒரு நாள் வேண்டும். நிழலும் தண்ணீரும் தொழிலாளிக்கு முதலாளி தரும் தயவாக இல்லாமல் அவன் உரிமையாக வேண்டும். நம் மன்றங்களும் படிப்பகங்களும் ஆண்டு விழாவில் பட்டிமன்றம் வைப்பது சிறப்பே. அதே பந்தலில் ஓர் இரத்த அழுத்தமானியும் வைத்தால், விதியை எதிர்த்து அன்று நடக்கும் சொற்பொழிவுகளுள் அதுவே தலையாயதாக இருக்கும்.

இதை எழுதும்போது மூன்று திங்களில் இரண்டு கழிந்திருக்கின்றன. பெண் வீட்டாரிடம் உள்ளதை உள்ளவாறு சொல்லிவிட்டோம். எண்ணிப் பார்த்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்கள். இன்னும் விடை வரவில்லை, வராமலும் போகலாம். அது அவர்கள் உரிமை. தாய்மாமன் நம்மோடு பேசுவதில்லை. இரவிலே சில வேளை அச்சம் வருகிறது; அதை மறைப்பானேன்? ஆனால் இந்த அச்சத்துக்கும் பழைய அச்சத்துக்கும் வேறுபாடு தெரிகிறது. பழையது இழுப்பறைக்குள் இருந்தது, இருட்டிலே வளர்ந்தது. இது மேசைமேல் இருக்கிறது. இதற்கு ஓர் எண் உண்டு, ஒரு நாள் உண்டு, காலையில் விழுங்க ஒரு மாத்திரை உண்டு.

நம் அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது, தலையெழுத்து என்று மீண்டும் சொல்வார் என்றே எதிர்பார்த்தோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "உங்கப்பனுக்கு இப்படி முன்னாலேயே யாராவது பார்த்துச் சொல்லியிருந்தா?" என்று கேட்டார். நாம் விடை கூறவில்லை. "அடுத்த தடவை போகும்போது நானும் வர்றேன்" என்றார். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுவோர் என்று மருத்துவத்தை வள்ளுவர் நான்காகப் பகுத்தார். நான்காவதும் நமக்குக் கிடைத்துவிட்டது.

தோழனே! உன் இழுப்பறையிலும் ஒரு சீட்டு கிடக்கிறதா? சித்திரகுப்தனைப் பற்றி நாளை மாலை பேசுவோம். நாளைக் காலை அதைப் பிரி.